இலைக்குள் நின்றவர்கள்

“நான் கெளம்பறேன்மா,” என்றார் சென்றாயன்.

திலகவதி களை பறிப்பதை நிறுத்தவில்லை. அவரைவிடப் பத்து வயது இளையவள். வேளாண்மைக் கல்லூரியில் படித்தவள். ஆனாலும் அந்த மலையடிவார மடத்தில் எல்லோருக்கும் அவள்தான் குரு.

“எதுக்கு அண்ணா?”

“வீரய்யன் சமைக்கிறான். பொன்னம்பலம் வைத்தியம் பாக்கறான். நான் வந்து மூணு வருசம், எனக்குன்னு ஒரு வேலையும் இல்ல. சோறு திங்க வெக்கமா இருக்குது.”

மழை நின்று நாற்பது நாள். வயலில் நிற்கும் இந்தக் கேழ்வரகும் காய்ந்துபோனால் மடத்தில் அடுப்பு எரியாது.

அவள் ஒரு கேழ்வரகுத் தண்டை மெல்ல வளைத்து, சுருண்ட இலையை அவர் கையில் கொடுத்தாள்.

“இதைப் புடிச்சுக்கிட்டு இங்கயே கொஞ்சம் படுங்க.”

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டால் குருவுக்கு என்ன மரியாதை!

சென்றாயன் படுத்தார். வெயில் பச்சையாக மாறியது. இலைக்குள் இருந்தார்.

முழங்கால் அளவு தண்ணீர். அதில் ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். நடுவே சிலர் மட்டும் கஞ்சி மாதிரி கொழகொழவென்று அலைந்தார்கள்.

“நீங்க யாரு?”

“புரதம்னு உங்க குரு சொல்வாங்க.”

“என்ன வேலை பண்றீங்க?”

“இப்போதைக்கு ஒண்ணுமில்லைங்க,” என்று சிரித்தார்கள். அவருக்கு எரிச்சலாக இருந்தது.

தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு தரை தெரிந்தது. வேலை செய்தவர்கள் தள்ளாடி, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒட்டிக்கொண்டவர்களைப் பிரிக்கவே முடியவில்லை.

அப்போதுதான் அந்தக் கொழகொழத்தவர்களுக்கு உடம்பு வந்தது. இரண்டிரண்டு பேருக்கு நடுவே ஒருவர் போய் நின்று, இருபக்கப் பாரத்தையும் தாங்கிக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் நிப்பீங்க?”

“மழை வர்ற வரைக்கும்.”

“வரலேன்னா?”

நின்றவர் காலை இன்னும் அகட்டி ஊன்றிக்கொண்டார்.

ஓர் அலறல் கேட்டு விழித்தார்.

மடத்து வாசலில் ஒரே ஒரு குடம் தண்ணீர். கஞ்சிக்கு என்கிறான் வீரய்யன். கஷாயத்துக்கு என்கிறான் பொன்னம்பலம். வீரய்யன் அகப்பையை ஓங்கிவிட்டான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

சென்றாயன் ஓடிப்போய் நடுவில் நின்றார். அடி தோளில் விழுந்தது. நன்றாகவே வலித்தது.

“தள்ளிப் போ!” என்று இருவருமே கத்தினார்கள்.

வீரய்யன் மறுபடி ஓங்கியும் அவர் நகரவில்லை.

வெகுநேரம் கழித்து வீரய்யன் கை இறங்கியது. பொன்னம்பலம் உட்கார்ந்துவிட்டான்.

திலகவதி வந்தாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, முதலில் சென்றாயனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக் குடித்தார்.