பட்டைப் பாத்திரத்தில் காபி

மினசோட்டா ஏரிக்கரையில் ஏது ராஜா என்று கேட்காதீர்கள். மரம் அறுக்கும் மில் ஒன்று, அதில் முந்நூறு ஆட்கள், எதற்கெடுத்தாலும் "ஆகட்டும் அய்யா" சொல்ல நாலு பேர். இவ்வளவும் இருந்தால் ராஜா இல்லாமல் வேறென்ன? ஹால்வர் ஸ்டென்ஸ்ருட் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு செதுக்குக் கத்திதான். இப்போது ஊரே அவரைப் 'பைன் ராஜா' என்றது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் காலையில் மில் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபியை உறிஞ்சிக்கொண்டே வழக்குத் தீர்ப்பார்.

அந்தச் சபையில் ஜோசெட் புஷேக்கும் ஓர் இடம் உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஜிப்வா மக்களில் ஒரு பெண். பிர்ச் என்ற வெள்ளை மரத்தின் பட்டையை உரித்துப் படகு கட்டுவதில் கைதேர்ந்தவள். தன் ஆட்கள் பேச்சும் மில்காரர்கள் பேச்சும் தெரியும் என்பதால் ராஜாவுக்கு மொழிபெயர்த்தும் சொல்வாள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். ராஜாவுக்கு அது பிடிக்கும். மேஸ்திரி எம்ப்ரிக்குக்கு அறவே பிடிக்காது.

ஒரு நாள் எம்ப்ரிக் மெதுவாக ஆரம்பித்தான். "அய்யா, கிழக்குக் கரையில பிர்ச் தோப்பு சும்மாதான் நிக்குது. மொத்தத்தையும் வெட்டிடலாம். நகரத்துல விறகுக்கு அடிச்சுக்கிறாங்க."

தோப்பு தன்னுடையது என்பதற்கு ராஜாவிடம் காகிதம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அங்கே பட்டை உரித்தவர்கள் ஜோசெட்டின் ஆட்கள். தோப்பு போனால் பட்டை இல்லை. பட்டை இல்லையென்றால் படகு இல்லை. படகு இல்லாமல் ஏரியில் விளையும் காட்டரிசியை எப்படிப் போய்த் தட்டிச் சேர்ப்பது? குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு உலையில் வேகுவது அதுதான்.

"அய்யா, வெட்டினா ஒரு தடவையோட சரி. பக்குவமா உரிச்சா மரம் அது பாட்டுக்கு நிக்கும்" என்றாள்.

"பட்டை என்ன பெரிய பட்டை!" எம்ப்ரிக் உதட்டைப் பிதுக்கினான். மர வேலையில் ஊரில் அவனை மிஞ்சிய ஆள் கிடையாது. அந்தத் திமிர் வேறு. "அய்யா, ஒரு பந்தயம். இரும்பு, மண், கல் எதுவும் கலக்காத மரப் பாத்திரத்தை இவ நெருப்பு மேல வெச்சு உங்களுக்குக் காபி போட்டுத் தரட்டும். பாத்திரம் எரியக்கூடாது. ஜெயிச்சா தோப்பு அவங்களுக்கு. தோத்தா அன்னிக்கே கோடாலி."

"பட்டையும் மரத்தோட சேர்ந்ததுதானே?" என்று கேட்டாள் ஜோசெட்.

"தாராளமா! இன்னும் சீக்கிரம் எரியும்."

முற்றமே சிரித்தது. எம்ப்ரிக் இதைத் தவிர வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஜோசெட் பயந்திருப்பாள். ஆனாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு என்ன தெரியும் அய்யா? மேஸ்திரி பெரிய வேலைக்காரர். அவர் முதல்ல செஞ்சு காட்டினா, பார்த்துக் கத்துக்குவேன்."

"நியாயமான பேச்சு" என்றார் ராஜா. "எம்ப்ரிக், மூணாம் நாள் காலையில முதல்ல நீ."

எம்ப்ரிக்குக்கு வேறு வழியில்லை. முடியாது என்றால், முடியாததையா பந்தயம் கட்டினாய் என்று ராஜா கேட்பார். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

தடிமனாக இருந்தால் தாங்கும் என்பது அவன் கணக்கு. செதுக்குகிறவனுக்கு அப்படித்தானே தோன்றும்? மூன்றாம் நாள் அவன் கொண்டுவந்த கிண்ணத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நாலு விரல் தடிமன். நார்வே முறைப்படி இரண்டு பக்கமும் குதிரைத் தலைக் கைப்பிடி. தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினான்.

முதலில் அடி கருகியது. பிறகு ஒரு குதிரையின் பிடரி பற்றிக்கொண்டது. பிறகு இன்னொரு குதிரை. எம்ப்ரிக் தொப்பியால் அடித்து அணைப்பதற்குள் தொப்பியும் போயிற்று. ராஜா தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். குளிக்கக்கூடப் போதாத சூடு.

ஜோசெட் தன் பாத்திரத்தை எடுத்தாள். ஒரே பட்டை, நகத்தளவு கனம்கூட இல்லை. பெட்டி மாதிரி மடித்து, மூலைகளை மேல் விளிம்பில் மட்டும் வேர்நாரால் தைத்திருந்தாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். தீக்கொழுந்தை விலக்கி, கணகணவென்ற தணலின் மேல் வைத்தாள்.

"இதோ பிடிக்கப்போகுது! இதோ!" என்று குதித்தான் எம்ப்ரிக்.

பிடிக்கவில்லை. தண்ணீர் முணுமுணுத்தது, பிறகு தளதளவென்று கொதித்தது. காபித்தூளைப் போட்டாள். முற்றம் முழுக்க மணந்தது.

ராஜா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தார்.

எம்ப்ரிக் அவர் காதருகில் குனிந்தான். "அய்யா, பந்தயம் விளையாட்டுக்குத்தானே? தோப்பைப் பத்தி அப்புறமா பேசிக்கலாம்."

ராஜா தாடையைத் தடவினார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அது இருக்கட்டும் ஜோசெட். நாலு விரல் மரம் எரிஞ்சு போச்சு, நகத்தளவு பட்டை எரியல. இதென்ன மாயம்?"

"மாயம் ஒண்ணும் இல்லீங்க அய்யா. என் பட்டை மெல்லிசு. வெளியே சுட்டா உள்ளே இருக்கிற தண்ணிக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சு, சூட்டைத் தான் வாங்கிக்கும். மேஸ்திரி கிண்ணம் ரொம்பக் கனம். வெளியே குதிரை ரெண்டும் எரிஞ்சு சாகுது, உள்ளே தண்ணி ஜில்லுனு உக்காந்திருக்கு. பெரிய இடத்துல சில பேர் அப்படித்தான்."

ராஜா கோப்பையைக் கீழே வைத்தார். "நான் எந்தப் பாத்திரம்னு சொல்ற?"

"எனக்கு எப்படித் தெரியும் அய்யா? தோப்பைப் பத்தி இப்ப நீங்க சொல்லப்போற வார்த்தையில ஊருக்கே தெரிஞ்சுடும்."

ராஜா விழித்தார். அடுத்த நொடி, நாற்காலி ஆட்டம் காணும்படி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பேனா கொண்டுவரச் சொல்லி, அங்கேயே தோப்பை ஜோசெட்டின் ஆட்களுக்கு எழுதிக் கொடுத்தார்.