நாயின் நான்கு கண்கள்

விலங்குகளும் மனிதரோடு சரளமாகப் பேசிய அந்தக் காலத்தில், பாரசீகத்தை மிஹ்ரான் என்ற அரசர் ஆண்டுவந்தார். மலையடியிலிருந்து நிலத்தடிக் கால்வாய் வெட்டி, வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் மாதுளை விளைய வைத்தவர். நல்ல அரசர்தான். ஆனால் அவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். அவர் திரைக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். வருகிறவர்கள் தங்கள் மூச்சு அவர்மேல் படாதபடி வாயைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தே பேசிவிட்டுப் போவார்கள். மகள் நாஹித்துக்கும் அதே விதிதான்.

திரைக்குள் போக உரிமை பெற்றது ஒரு கறுப்பு நாய் மட்டுமே. வேட்டைக்குப் போன இடத்தில் பனியில் கிடந்த குட்டியை அரசர் மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாலையானால் அதன் நெற்றியை இரண்டு விரல்களால் வருடியபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு குளிர்காலத்தில், இனி உள்ளே வராதே என்று நாயிடம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. நாய்க்கு மனசே ஆறவில்லை. தான் செய்த பிழை என்ன என்று யோசித்தபடி வாசலிலேயே கிடந்தது.

அதன்பின் உணவுத் தட்டுகள் தொடாமலே திரும்பின. அரண்மனைத் தீயை அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தீயைத் தெய்வமாக மதிக்கும் நாட்டில் அப்படி ஓர் உத்தரவா என்று எவரும் கேட்கவில்லை. பெரிய அறிவாளிகளான அமைச்சர்கள், குனிந்த தலை நிமிராமல் அணைத்துவிட்டுப் போனார்கள். பிறகு, தனக்குக் குளிர்கிறது, அருகில் உட்கார ஆள் வேண்டும் என்றது குரல். உள்ளே போன பணியாள் திரும்பவில்லை. அடுத்துப் போனவனும் திரும்பவில்லை. கடைசியில் குரல் மகளை அழைத்தது.

அழைப்பது அப்பா, நாஹித் போகத்தான் வேண்டும். வாசலில் நின்றவள் நாயிடம், "எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒரு முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாயா?" என்று கேட்டாள்.

நாய் திரையை முட்டி விலக்கிக்கொண்டு போனது. அரசர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இமைகளில் உறைபனி. காலடியில் இரண்டு பணியாட்களும் வெளுத்துக் கிடந்தார்கள். அரசரின் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. உதடு அசையவில்லை. ஈதான் பேசியது. பிணத்தில் குடியேறும், தீக்கும் நாயின் பார்வைக்கும் அஞ்சும் சாவுப் பேய் அது.

"நீ சொல்லாதவரை அவர் இருப்பார். மாலைதோறும் உன்னை வருடுவார்."

உறைந்த கை மெல்ல நீண்டது. பழகிய இரு விரல்கள் நாயின் கண்களுக்கு மேலே பதிந்தன. எத்தனை நாள் ஏங்கிய தொடுதல்! நாய் கண்ணை மூடிக்கொண்டது. திரைக்கு வெளியே நாஹித்தின் காலடி ஓசை நெருங்கி வந்தது.

"இப்போது பேசினால் அதுதான் உன் கடைசிப் பேச்சு" என்றது ஈ.

நாய் கண்ணைத் திறந்து அரசரின் முகத்தை நேராகப் பார்த்தது. "நாஹித், உள்ளே வராதே. அப்பா இறந்துவிட்டார்" என்றது.

கை பொத்தென்று விழுந்தது. ஈ, பேய்களின் திசையான வடக்கே பறந்தது. போகும்போது நாயின் பேச்சையும், அதன் இனத்தின் பேச்சையும் எடுத்துக்கொண்டு போயிற்று. நாஹித் அழுதுகொண்டே முதலில் தீயை மூட்டச் சொன்னாள். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், விரல்கள் பட்ட இடத்தில் நாய்க்கு இன்னும் இரண்டு கண்கள் போல இரண்டு மஞ்சள் புள்ளிகள்.

அன்று முதல்தான், தீயை வணங்கும் அந்த மக்கள் தங்கள் வீட்டில் ஒருவர் இறந்தால், உடலை எடுக்குமுன் நான்கு கண் நாயைக் கொண்டுவந்து முகத்தைப் பார்க்க வைக்கிறார்கள். அந்தி நேரத்தில் நாய்கள் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து ஊளையிடுவதும் அன்று முதல்தான். பேச்சு பறிபோகுமுன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைகளை அவை இன்னும் சொல்லிப் பார்க்கின்றன.