பழுதே இல்லாத காலனி

ரப்பேல் தன் குருவைவிட ஒன்பது வயது மூத்தவர்.

குருவின் பெயர் சண்முகவடிவு. மில் காலனி முக்கில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நூற்பு மில்லை மூடிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், ரப்பேல் வீட்டு ரிப்பேர் வேலைக்கு வந்தார். குழாய்க்கு வாஷர் போடுவது முதல் கதவுக்குக் கீல் மாட்டுவது வரை இந்தக் கடை மேசை ஓரத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டார். முதலில் கேலியாக ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். இப்போது அதில் கேலி இல்லை.

அன்று கடை திறந்ததுமே தகரப் பெட்டியோடு வந்து நின்றார்.

“டீச்சர், ஒரே குழப்பமா இருக்கு.”

“உக்காருங்க அண்ணாச்சி. எதுல குழப்பம்?”

“எல்லாத்துலயும்.”

“அப்ப டீ சொல்லிருவோம்.”

டீ வந்தது. ரப்பேல் ஒரே மூச்சில் சொன்னார்.

“தெரிஞ்ச நாலு பேர் கூப்பிடுதாங்க. அதுக்கு மேல வேலை பெருகல. திருப்பூர்ல என் மச்சான் எனக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வச்சிருக்கான். திங்கக்கிழமை சேரணும், இல்லன்னா இன்னைக்கே வேண்டாம்னு சொல்லிரணும். ‘இந்த ஊர்ல பொழைக்க வழி இருந்தா காட்டுங்க, இல்லன்னா சாமான் கட்டுவோம்’ங்கா வீட்டுக்காரி ஸ்டெல்லா.”

“நீங்க என்ன செய்தீங்க?”

“ஐந்நூறு நோட்டீஸ் அடிக்கச் சொல்லியிருக்கேன். என்ன எழுதணும்னு அச்சகத்துல கேக்காங்க. அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். முதல்ல ஜனங்களுக்கு என்ன தேவைன்னு தெரியணும்லா? அதான் ஒரு வாரமா வீடு வீடாப் போய்க் கேட்டேன்.”

பெட்டியை மடியில் வைத்தார். மூடியை இடது கையால் அழுத்திக்கொண்டு, சுற்றியிருந்த சைக்கிள் டியூப் துண்டின் நுனியைப் பல்லால் கடித்து, வலது கையால் மூன்று சுற்றுப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. முதல் கட்டத்தில் கதவு எண். இரண்டாவதில் பெயர். மூன்றாவதில் ‘என்ன பழுது’. நூற்று நாற்பது வீடுகள். மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று அழகான கையெழுத்து இறங்கியது.

சண்முகவடிவு பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

“எப்படிக் கேட்டீங்க?”

“மரியாதையாத்தான். ‘அம்மா, வீட்ல ஏதாவது பழுது இருக்கா?’ன்னு.”

“இங்க ஒரு இடத்துல ‘தென்னை’ன்னு இருக்கு?”

“மரம் ஏறத் தெரியுமான்னு கேட்டாங்க.”

“இது என்னது, ‘மருமகள்’?”

“வீட்ல அது ஒண்ணுதான் பழுதுன்னாங்க ஒரு பெரியம்மா. எழுதிக்கோன்னாங்க. எழுதிக்கிட்டேன்.”

சண்முகவடிவு சிரிக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“குழாய் வேலைன்னு மட்டும் போடவா? எல்லா வேலையும்னு போடவா? இல்ல, பழுதே இல்லாத காலனிக்கு நோட்டீஸே எதுக்கு? நீங்கதான் சொல்லணும் டீச்சர்.”

சண்முகவடிவு நோட்டை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“இது இங்கயே இருக்கட்டும். ‘இல்லை’ன்னு சொன்ன வீட்ல ஏதாவது மூணு வீட்டுக்குப் போங்க. தண்ணி கேளுங்க.”

“குழாய்த் தண்ணியா? வருதா வரலையான்னா?”

“குடிக்கத் தண்ணி.”

“கேட்டுட்டு?”

“குடிங்க.”

“அப்புறம்?”

“வாங்க.”

ரப்பேல் பெட்டியை இழுத்துக் கட்டினார். வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். சண்முகவடிவு வேறொருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

ரப்பேல் திரும்பி வந்தபோது மணி நாலரை.

“குடிச்சீங்களா?”

“மூணு வீட்லயும் குடிச்சேன். காலையில குழப்பம் மட்டும்தான் இருந்தது. இப்ப வயிறும் கனக்குது.”

“முதல் வீட்ல எப்படிக் கொடுத்தாங்க?”

“பதினேழாம் நம்பர்ல. அந்தம்மா செம்புல கொடுத்தாங்க.”

“செம்பு வர்றதுக்கு முன்னால?”

“கதவைத் தட்டினேன். ‘சுத்திப் பின்வாசலுக்கு வாங்க’ன்னாங்க. போனேன்.”

“முன்கதவு?”

“அது மழைக்கு ஊதிக்கிட்டு நிக்கு. தை பிறந்தாத்தான் திறக்குமாம். வருஷா வருஷம் அப்படித்தானாம்.”

“அடுத்த வீடு?”

“நாப்பத்திரண்டு. அங்க ஒரு பெரியவர் தனியா இருக்காரு. டம்ளரை நல்லாக் கழுவித்தான் கொடுத்தாரு.”

“கழுவக் குழாயைத் திறந்தாரா?”

“திறந்தாரு.”

“எதால?”

“கொறடால. குழாய்ல பிடி கிடையாது. பக்கத்துலயே ஆணி அடிச்சுக் கொறடைத் தொங்கவிட்டிருக்காரு. எண்ணெய் போட்டுத் துடைச்சுப் பளபளன்னு வச்சிருக்காரு.”

“மூணாவது?”

“அறுபத்தாறு. புதுசாக் கல்யாணம் ஆன பிள்ளைங்க. நல்ல மரியாதை. ‘அந்த நாற்காலி வேண்டாம், இதுல இருங்க’ன்னு உக்கார வச்சாங்க. வேர்க்குதேன்னு ஃபேன் போட்டாங்க.”

“சுத்துச்சா?”

“ஏன் சுத்தாம? அந்தத் தம்பி ஒட்டடைக் கம்பால ஒரு தள்ளு தள்ளினான். ஜோராச் சுத்துச்சு.”

சொல்லி முடித்த ரப்பேலின் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

“டீச்சர், இந்த மூணு வீட்லயும் நான் கேட்டேன். பழுது இருக்கான்னு வாசல்ல நின்னு கேட்டேன். ‘இல்லை’ன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“அப்ப எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காங்க!”

“இல்ல அண்ணாச்சி.”

“காசு கேப்பேன்னு பயந்து சொன்னாங்களோ?”

“இல்ல.”

“பின்ன கண்ணு தெரியலையா அவங்களுக்கு?”

“நல்லாத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டே அந்தக் கொறடை எடுப்பாரு அந்தப் பெரியவர்.”

ரப்பேல் தலையைச் சொறிந்தார். “பொய்யும் சொல்லல, கண்ணும் தெரியும். ஆனா பழுது இல்ல. அது எப்படி? காலையிலாவது எனக்கு ஒரு குழப்பம்தான் இருந்தது.”

அவருடைய போன் அடித்தது. அச்சகத்திலிருந்து.

“பத்து நிமிஷம் தம்பி,” என்று சொல்லி வைத்தார். குரல் தணிந்துவிட்டது. “டீச்சர், அஞ்சாகப் போகுது. வீட்ல ஸ்டெல்லா பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்து வச்சிருக்கா, மூட்டை கட்டறதுக்கு. ஒரே ஒரு வரி சொல்லுங்க. நோட்டீஸ்ல என்ன போட?”

சண்முகவடிவு தராசைத் தன் பக்கம் இழுத்தார். தட்டு லேசாக ஆடியது.

“சின்னத் திருப்புளி இருந்தாக் கொடுங்க.”

ரப்பேல் பெட்டியை மடியில் வைத்தார். இடது கையால் மூடியை அழுத்தினார். டியூப் நுனியைக் கடித்தார். மூன்று சுற்றுப் பிரித்தார். விரல் எடுத்ததும் மூடி துள்ளித் திறந்தது. திருப்புளியைக் கொடுத்தார்.

சண்முகவடிவு தராசின் அடியிலிருந்த ஒரு திருகை முடுக்கினார். தட்டு ஆடுவது நின்றது. திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தார்.

ரப்பேல் அதை உள்ளே வைத்து, மூடியை அழுத்தி, மறுபடி டியூபைக் கடித்து இழுத்துச் சுற்றத் தொடங்கினார்.

“நல்ல பெட்டி,” என்றார் சண்முகவடிவு.

“ம். மில்லுல இருக்கும்போது வாங்கினது. பதினாலு வருஷம் ஆச்சு.” பல்லிடுக்கில் டியூப் இருந்ததால் சொற்கள் கொழகொழவென்று வந்தன.

“ஏதாவது பழுது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல டீச்ச—”

கை இரண்டாவது சுற்றில் நின்றது.

ரப்பேல் டியூபை வாயிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்திப் பெட்டியைப் பார்த்தார். மூடியைப் பூட்டும் கொண்டி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. ஓட்டைகளின் ஓரம் துருவேறி, அந்தத் துருவும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. கடை அலமாரியில் கொண்டிகள் டஜன் டஜனாகத் தொங்கின.

போன் மறுபடி அடித்தது. அது நாலு முறை அடித்த பிறகுதான் எடுத்தார்.

“தம்பி, நோட்டீஸ் இப்ப வேண்டாம். கோவிச்சுக்காதீங்க.”

போனை வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“ஸ்டெல்லா வாசல்லயே நிப்பா. திருப்பூருக்கு என்ன பதில்னு கேப்பா. நான் என்ன சொல்ல?”

சண்முகவடிவு நோட்டை அவரிடம் நீட்டினார்.

“இன்னும் நூத்தி முப்பத்தேழு வீட்ல தண்ணி குடிக்க வேண்டியிருக்குன்னு சொல்லுங்க.”