பார்த்துக்கொண்ட ஆமை

அந்தக் காலத்தில் மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். ஆமைக்கு அப்போது தலையை உள்ளே இழுக்கத் தெரியாது. இழுத்துக்கொள்ளும்படி எதுவும் நடந்திருக்கவும் இல்லை.

அரண்மனைத் தாமரைக் குளத்தில் திருமேனி என்றோர் ஆமை இருந்தான். ஒற்றைப் பிள்ளை. அம்மா அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். செத்த மீன், வாடிய இதழ் எதுவானாலும் அவன் கண்விழிக்குமுன் நாரைகள் பொறுக்கிவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. பசிக்குமுன்பே வாய்க்குச் சாப்பாடு வந்தது. பிள்ளை நன்றாகக் கொழுத்தான், வேறென்ன!

ஒருநாள் கரையோரம் போன பிக்குகள் துக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

"துக்கம்னா என்னம்மா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்குடா கண்ணு?"

அது போதாதா? மறுநாளே படியேறிப் போய்ப் பிக்குகளோடு சேர்ந்துகொண்டான். கண்ணை மூடி, அசையாமல், மூச்சை மெல்ல விட்டு, ஒரே சொல்லில் மனதை நிறுத்தக் கற்றான். பத்தே நாளில், "தாமரைக் குளத்தையே துறந்தவனாக்கும் நான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

கடுங்கோடையில் ஒருநாள், கழுத்தில் கொட்டாங்கச்சி நிறையக் குடிதண்ணீரைத் தொங்கவிட்டுக்கொண்டு வற்றிய குட்டைப் பக்கம் போனான். சேற்றில் ஒரு தவளைக் கிழவர் கிடந்தார். அவர் மனைவி பதறிக்கொண்டு வந்தாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரரால நகர முடியல. தம்பிங்களக் கூட்டியாந்து ஆத்துக்குத் தூக்கிட்டுப் போயிடறேன். அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"ஆகட்டும் அம்மா" என்றான்.

பார்த்தான். கண் மூடியிருந்தது. உடம்பு அசையவில்லை. மூச்சு இழையாக ஓடியது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட தியானம் என்று பூரித்துப்போனான். "தண்ணி... தண்ணி..." என்று முனகினார் கிழவர். நீரையே நினைத்துத் தியானிக்கும் பிக்குகளும் உண்டு என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். தானும் பக்கத்தில் அமர்ந்து "தண்ணீர், தண்ணீர்" என்று பயபக்தியோடு உருப்போட்டான். சற்று நேரத்தில் முனகல் நின்றது. பிறகு மூச்சும் நின்றது. சாவைக் கண்ணால் கண்டிராத பிள்ளை, கிழவர் தன்னை முந்திக்கொண்டு மேல்நிலைக்குப் போய்விட்டார் என்று பொறாமைகூடப் பட்டான்.

மனைவி தம்பிகளோடு வந்தாள். கணவரைத் தொட்டுப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப் போயிட்டாரே! பாத்துக்கச் சொன்னேனே சாமி."

"பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அம்மா. கண்ணை எடுக்கவே இல்லை."

அவள் திட்டவில்லை. "கழுத்துல தண்ணி இருக்கே" என்றாள்.

திருமேனி குனிந்து கொட்டாங்கச்சியைப் பார்த்தான். தான் கண்விழிக்குமுன் நாரைகள் எதைப் பொறுக்கி மறைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பின்னுக்கு இழுத்தான், இன்னும் இழுத்தான். தலை ஓட்டுக்குள் போய்விட்டது. கொட்டாங்கச்சி நழுவி, தண்ணீர் முழுவதும் கிழவர் மேல் கொட்டியது.

அன்று முதல்தான், யார் பக்கத்தில் வந்தாலும் ஆமை தலையை இழுத்துக்கொள்கிறது. நாமோ, ஐம்புலனையும் அடக்கிய ஞானி என்று அதைப் புகழ்கிறோம். அது காதில் விழுந்ததும் கால்களையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது.