கை போகும் சுவர்

"கண் தெரியாதவர்கள் வாழும் வீட்டில் எச்சரிக்கைப் பலகையை யார் படிப்பார்கள், அம்மா?" என்று எபனேசர் கேட்டார்.

வடிவம்மை கையிலிருந்த பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

எபனேசர் வீடுகளுக்கு ஒயர் இழுத்தே தலை நரைத்தவர். வடிவம்மை வயதில் அவருக்கு இளையவர். ஆயினும், மொட்டைமாடிகளில் சோலார் தகடு பொருத்தும் தொழிலில் அவருக்குக் குரு. சீடரைக் குரு "அண்ணாச்சி" என்பார். குருவைச் சீடர் "அம்மா" என்பார்.

பார்வையற்ற மகளிர் இல்லத்தின் மாடியில் தகடுகளை நிறுத்தி, கீழ்த்தளத்து இன்வெர்ட்டர்வரை ஒயரைக் கொண்டுவந்தது முழுவதும் எபனேசரே. இந்த வேலை விதிப்படி அமைந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அவர் தனியே போகலாம் என்று வடிவம்மை சொல்லியிருந்தார். உடன் வேலை செய்தவர்களோ, குருவின் ஏணியைச் சுமப்பதற்கென்றே எபனேசர் பிறந்திருப்பதாகக் கேலி பேசிவந்தார்கள்.

எனவே அவருக்கு அவசரம்.

இல்லத்தின் பொறுப்பாளர் அமலோற்பவத்துக்கும் அவசரம்தான். எபனேசரைவிட மூத்தவர். அவரும் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இந்த வேலைக்காக மாடி மூடப்பட்டதிலிருந்து துவைத்த துணிகள் தாழ்வாரத்திலேயே ஈர வாடையுடன் தொங்குவதாக முறையிட்டு வந்தார். இன்று மாலைக்குள் மாடியைத் திறந்துவிடுவதாக எபனேசர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வடிவம்மை படிக்கட்டின் அடியில் நின்று ஒயரைப் பார்த்தார்.

அது குழாய்க்குள் செல்லவில்லை. சுவரில், இடுப்பளவு உயரத்தில், ஆணியடித்த கிளிப்புகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. வெளிச்சுவர் வழியாகக் குழாயில் கொண்டுவருவது சுற்றுவழி என்றும், இதுவே நேர்வழி என்றும் எபனேசர் விளக்கினார். மாடிக் கதவின் இரும்புச் சட்டத்தில் உரசி ஓரிடத்தில் மேலுறை கிழிந்ததாம். அங்கே டேப் சுற்றிவிட்டாராம்.

"அது கறுப்பு ஒயர்தான், அம்மா. நியூட்ரல். மெயினையும் அணைத்துவிட்டேன்."

வீட்டு ஒயரிங்கில் கறுப்பு ஒயர் சாது. எபனேசரின் விரல்கள் அதற்கு அஞ்சியதே இல்லை. தகடுகளிலிருந்து வரும் ஒயர்களில் எந்த நிறமும் சாதுவன்று என்று வடிவம்மை முதல் நாளே சொல்லியிருந்தார்.

காதுகள் கேட்டுக்கொண்டன. விரல்கள் கேட்கவில்லை.

"அக்கா, இந்தப் படியில் நீங்கள் எப்படி ஏறுவீர்கள்?" என்று வடிவம்மை அமலோற்பவத்திடம் கேட்டார்.

"துணிக்கூடை இடுப்பில். வலது கை சுவரில். வேறு எப்படி ஏறுவது?"

வடிவம்மை செருப்பைக் கழற்றினார். கண்களை மூடினார். வலது உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஏறத் தொடங்கினார்.

எபனேசர் பின்னால் ஏறினார்.

உள்ளங்கை ஒயரின்மேல் வழுக்கிக்கொண்டே சென்றது. கதவின் இரும்புச் சட்டம் நெருங்கியது. டேப் நெருங்கியது.

எபனேசர் பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பற்றினார்.

வடிவம்மை கண்களைத் திறக்கவில்லை.

"கறுப்பு ஒயர்தானே, அண்ணாச்சி?"

"ஆமாம், அம்மா."

"டேப்பும் சுற்றியிருக்கிறது."

"ஆமாம்."

"மெயின் அணைந்திருக்கிறது. பிறகு ஏன் பிடித்தீர்கள்?"

எபனேசர் கதவுக்கு வெளியே பார்த்தார். மாடித் தளம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"வெயிலை அணைக்க முடியாதே, அம்மா."

அவர் பிடியை விடவில்லை.

மாடிக்குள் கால் வைத்த பிறகே அவர் கண்டார். தகடுகள் எல்லாம் தடித்த தார்ப்பாயால் மூடி இறுகக் கட்டப்பட்டிருந்தன. அவர் டீ குடிக்கப் போயிருந்த வேளையில் வடிவம்மை செய்த வேலை அது.

"அப்படியானால் தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதா?"

"ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதே."

எபனேசர் கீழே இறங்கினார். அமலோற்பவம் கூடையுடன் காத்திருந்தார். இன்று மாடியைத் திறக்க இயலாது என்று எபனேசர் சொன்னார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்.

அமலோற்பவம் தம் வலது உள்ளங்கையை இடது கையால் மெல்லத் தடவிக்கொண்டார். பிறகு ஈரத் துணிகளைத் தாழ்வாரத்துக்கே திரும்ப எடுத்துச் சென்றார்.

மறுநாள் எபனேசர், தகடுகள் மூடியிருக்கும்போதே பழைய ஒயரைக் கழற்றினார். புதிய ஒயரை வெளிச்சுவரில், கை எட்டாத உயரத்தில், குழாய்க்குள் கொண்டுசென்றார். மாடிக் கதவருகே, தகடுகளின் ஒயர்கள் வந்து சேரும் சுவிட்சுகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். படிச்சுவரில் ஆணி பெயர்ந்த குழிகளையெல்லாம் சிமெண்டு பூசி வழவழப்பாக்கினார். எர்த் ஒயரை வடிவம்மை இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை.

எச்சரிக்கைப் பலகையும் ஏறியது. அதன் வாசகத்தில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ வடிவம்மை எவரையும் அனுமதித்ததில்லை.

"இது கண் உள்ளவர்களுக்கு இருக்கட்டும், அண்ணாச்சி. டேப் சுற்றுகிறவர்கள் இனியும் வருவார்கள்."

எபனேசர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"வேலை முடிந்ததா?"

"இன்னும் ஒன்று இருக்கிறது, அம்மா."

அதற்குப் பிறகு டீ வேளைகளில் எபனேசரைக் கடையில் காணவில்லை. அவர் தாழ்வாரத்தில், ஈரத் துணிகளுக்கு இடையே, அமலோற்பவத்தின் எதிரே அமர்ந்து பிரெயில் எழுத்துப் படித்தார். மெல்லிய அலுமினியத் தகட்டில், முனை மழுக்கிய ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார்.

முதல் தகட்டைத் தடவிப் பார்த்த அமலோற்பவம் சிரித்துவிட்டார். "சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள், தம்பி. பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்தினால்தான் முன்பக்கம் இடமிருந்து வலமாகப் படிக்க வரும்."

எபனேசர் வேறொரு தகட்டை எடுத்தார்.

மாடி திறந்த காலையில் அமலோற்பவம் கூடையுடன் படியேறினார். எபனேசரும் வடிவம்மையும் மேலே கதவருகே நின்றிருந்தார்கள். வலது கை சுவரில் வழுக்கிச் சென்றது. பெட்டிக்கு ஒரு முழம் முன்பாகவே விரல்கள் ஒரு தகட்டில் தட்டி நின்றன.

அவர் கூடையை இறக்கி வைத்தார். விரலால் தடவி, வாய்விட்டுப் படித்தார்.

"எச்சரிக்கை. வெயில் உள்ளவரை இந்தப் பெட்டிக்குள் மின்சாரம் உண்டு. தொடாதீர்கள்..."

விரல் நின்றது. சற்றுப் பின்னால் வந்து, மறுபடியும் முன்னே சென்றது.

"...அக்கா."

மாடியில் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"இந்தச் சொல்லும் விதியில் உண்டா, தம்பி?"

"இல்லை, அக்கா."

எபனேசருக்கு வடிவம்மையின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. குனிந்து ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ஏணி உங்களிடமே இருக்கட்டும், அண்ணாச்சி. அடுத்த வேலைக்கு நீங்கள் தனியே போகும்போது வேண்டும்" என்றார் வடிவம்மை.

பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கண்களை மூடினார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, படி இறங்கத் தொடங்கினார்.