சாமிக்குக் கால் வலியே இல்லை

"சாமி, இந்த வருஷம் மலை வேண்டாமே" என்றான் நல்லமுத்து. "உங்க முழங்கால் தாங்காது."

"தாங்கும். நீ பயப்படாதே" என்றார் சாமி.

நல்லமுத்துவின் பயம் முழங்காலைப் பற்றி அல்ல. தன் இடுப்பைப் பற்றி. அடிவாரத்து மடத்திலிருந்து உச்சிக் கோயில் வரைக்கும் சாமியை முதுகில் சுமக்கிற சீடன் அவன்தான். போன கார்த்திகைக்கு இறங்கி வந்தவன் பொங்கல் வரைக்கும் நிமிரவில்லை.

"டாக்டரம்மா வந்து பார்க்கட்டும் சாமி. அவங்க போகலாம்னா போகலாம்."

"வரட்டுமே!"

டாக்டர் ஷகிலா வந்தார். பாயில் உட்கார்ந்திருந்த சாமியின் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"தரையிலிருந்து எழுந்திருக்க சிரமம் இருக்கா?"

"துளியும் இல்லை."

"படி ஏற?"

"ஏறுவதே தெரியாதம்மா. மிதக்கிற மாதிரி இருக்கும்."

"குனிஞ்சு காலைக் கழுவ?"

"குனிவானேன்? அது பாட்டுக்குச் சுத்தமாயிடும்."

அட ஆண்டவனே, என்று மூலையில் நின்ற நல்லமுத்து நினைத்துக்கொண்டான். சாமி பொய்யும் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான்.

"நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க. யார் கூப்பிட்டாலும் உள்ளே வரக் கூடாது."

போனான்.

"சாமி, எனக்குத் தாகமா இருக்கு. அந்தப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணி தர்றீங்களா?"

"தாராளமா!" என்றார் சாமி. "நல்லமுத்து! அம்மாவுக்குத் தண்ணி!"

யாரும் வரவில்லை.

"டேய் நல்லமுத்து!"

"அவர் வர மாட்டார். நீங்க குடுங்க."

சாமி ஒரு கையை ஊன்றினார். பிறகு இரண்டு கையையும் ஊன்றினார். தாடி பாயைத் தொட்டது. பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து, யோசித்து, மறுபடி உட்கார்ந்துகொண்டது.

பானை அறையின் அந்தக் கோடியில் இருந்தது. கூப்பிட்ட உடனே தண்ணீர் வந்ததால், அது பக்கத்தில்தான் இருப்பதாக இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

டாக்டர் மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

"தரையிலிருந்து எழுந்திருக்க சிரமம் இருக்கா?"

சாமி பானையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அதை அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கம்மா. எழுந்ததெல்லாம் அவன்தான்."

டாக்டர் கதவைத் திறக்க, நல்லமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"மலைக்கு, சாமி?"

"மலை எங்கேயும் ஓடிப்போயிடாது. நீ முதல்ல இப்படி உட்காரு." சாமி பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

நல்லமுத்து பாயைப் பார்த்தான். சாமியைப் பார்த்தான்.

"உட்கார்ந்துடுவேன் சாமி. அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் யார் எழுப்புறது?"