கேபிளுக்குள்ளே வந்த வெளிச்சம்

"கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்தை நான் எப்படி மேடம் நம்புறது?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷம் டெலிபோன் கம்பி இழுத்தவர். செம்புக் கம்பியில் உயிர் இருக்கிறதா என்று விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடுவார். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது, கண்ணாடி இழை வழியே வெளிச்சமாகச் செய்தி போகும் ஃபைபர் கேபிள் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்.

கற்றுக்கொடுக்கும் பொற்கொடிக்கு முப்பத்தொன்று. பேச்சு ரொம்பக் குறைவு. முதல் நாள் சொன்னது இரண்டே விஷயம். சொருகப் போகும்வரை கேபிள் முனையின் மூடியைக் கழட்டாதீர்கள். கழட்டிய முனை யார் முகத்தையும் பார்க்கக் கூடாது.

ஏன் என்று சொல்லவில்லை. இசக்கிமுத்துவுக்கு அதில்தான் எரிச்சல்.

இன்றைக்கும் அப்படித்தான். பொற்கொடி ஒரு மாட்யூலை எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். கரண்ட்டை வெளிச்சமாக மாற்றும் சாமான் அது. விரல் நீளம் இருக்கும்.

அவர்கள் நின்றது ஒரு ஆஸ்பத்திரி சர்வர் ரூமில். ஸ்கேன் கட்டடத்திலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் படம் போக வேண்டும்.

இசக்கிமுத்து மாட்யூலை நெட்வொர்க் சுவிட்சுப் பெட்டிக்குள் தள்ளினார். கிளிக்கென்று உட்கார்ந்தது. கேபிளைச் சொருகினார்.

பச்சை விளக்கு எரியவில்லை.

எதிர்முனையில், ஸ்கேன் கட்டடத்தில் இருந்தவர்களுக்குப் போன் போட்டார். இங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

பழக்கம் லேசில் விடுமா? கேபிளை உருவினார். வெளிச்சம் வருகிறதா பார்ப்போம் என்று முனையைக் கண்ணுக்கு நேரே தூக்கினார்.

பொற்கொடி எப்போது பக்கத்தில் வந்தாரோ தெரியாது. கண்ணுக்கும் கேபிளுக்கும் நடுவில் அவருடைய உள்ளங்கை நின்றது.

இசக்கிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருட்டாகக் கிடக்கிற ஒன்றைப் பார்க்கக்கூட உத்தரவு வாங்க வேண்டுமா என்று முணுமுணுத்தார்.

பொற்கொடி கேபிளை வாங்கிக்கொண்டார். தன் மொபைலின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே அந்த முனையைப் பிடித்தார். ஸ்கிரீனைப் பார்க்கச் சொன்னார்.

ஸ்கிரீனில் ஊதாவாக ஒரு புள்ளி தகதகத்தது.

இசக்கிமுத்து கேபிளைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. மறுபடியும் ஸ்கிரீனைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது.

அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷத்தில் இப்படியொன்றைப் பார்த்ததில்லை.

"இவ்வளவு நேரமும் இதுவா வந்துக்கிட்டு இருந்துச்சு?"

பொற்கொடி தலையை மட்டும் ஆட்டினார். முனையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்து அவரிடமே கொடுத்தார். இசக்கிமுத்து அதைத் தன் முகத்துக்கு எட்டத் தள்ளிப் பிடித்துச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கேமரா இல்லாம, நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களாம்மா?"

"ஒரே ஒரு தடவைண்ணே. வேற ஊர்ல. இதைவிடப் பெரிய மிஷின்."

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியல. அதான் நல்லா உத்துப் பார்த்தேன்."

பொற்கொடி வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க ரெண்டு காதும் தெரியுது. சட்டை தெரியுது. நடுவுல, மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணும் இல்லண்ணே."